நகராத சைக்கிள்: வீட்டிலா, ஜிம்மிலா?

எங்கள் வீட்டில் ஒரு உடற்பயிற்சி சைக்கிள் இருக்கிறது. வாங்கிய புதிதில், ஆறு மாதம் அதன் மேல் ஏறியவர்கள் யார் தெரியுமா? என் கணவரின் ஈர டவல், பெரியவளின் யூனிஃபார்ம், அத்தையின் புடவை! ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய துணிக்கொடி!

சிரிக்காதீர்கள். ஆசைக்காக வாங்கியதில்லை அது. சின்னவன் வயிற்றில் இருந்தபோது எனக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தது. பிரசவமானதும் போய்விட்டது. "போயிடுச்சேன்னு அசட்டையா இருந்துடாதீங்கம்மா. இது வந்தவங்களுக்குப் பின்னாடி நிரந்தரமா வர்ற வாய்ப்பு அதிகம். வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணுங்க, உடம்பை அசைங்க" என்றார் டாக்டரம்மா. போன வருடம் பார்த்தால், வெறும் வயிற்றில் 112! சர்க்கரை நோய் இல்லை. ஆனால் அதன் வாசற்படி.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. ஐந்து நாள், தினம் அரை மணி. நடக்கலாமே என்பீர்கள். எங்கள் தெருவில் விடியற்காலை நாய்கள், விடிந்தால் லாரிகள். எனக்கோ முழங்கால் வலி வேறு. சைக்கிளில் உடம்பின் பாரத்தை சீட் தாங்கிக் கொள்கிறது. தொடைத் தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன. (எலும்பு உறுதிக்கு மட்டும் சைக்கிள் போதாது, அதற்கு நடையோ எடை தூக்குவதோ வேண்டும்.)

வீட்டுச் சைக்கிள் கொடியாகிப் போனதும் பக்கத்து வீட்டுத் தோழியோடு ஜிம்மில் சேர்ந்தேன். மூன்று மாதத்துக்கு நாலாயிரத்து ஐநூறு. முதல் நாளே சைக்கிள் வகுப்பு. இருட்டு அறை, காதைப் பிளக்கும் பாட்டு. சொல்லிக் கொடுக்கும் பையன் "இன்னும் வேகமா!" என்று கத்துகிறானே தவிர, என் சீட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண் எழுந்து நின்று மிதித்தாள். எனக்கும் ரோஷம்! நானும் நின்றேன்.

மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. டாக்டரம்மாவிடம் போனால், நல்ல திட்டு. "பழக்கமே இல்லாம முதல் நாளே இப்படி மிதிச்சா தசை உடைஞ்சு கிட்னிக்கே ஆபத்தாகும். தொடை வீங்கி, யூரின் டிக்காஷன் நிறத்துல போனா ஒரு நிமிஷம் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு வரணும்." நல்லவேளை, எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. புதிதாகச் சேரும் சகோதரிகளே, முதல் வாரம் பத்து நிமிடம் போதும், உட்கார்ந்தபடியே. மிதித்துக் கொண்டே பேச முடிய வேண்டும்; பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

ஆனால் ஜிம்மில் உருப்படியாக ஒன்று கற்றுக் கொண்டேன். அங்கே வரும் ஒரு அக்காதான் சொன்னார்: "சீட்டுல உட்கார்ந்து குதிகாலைப் பெடல்ல வை. பெடல் அடியில இருக்கும்போது கால் நேரா நீளணும். அதுதான் உன் உயரம்." அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் முன்பக்கம்தான் வலிக்கும். என் வலியில் பாதி, வீட்டில் சீட்டைத் தாழ்வாக வைத்து மிதித்ததால் வந்ததே!

ஜிம்மின் பெரிய லாபம் எது என்கிறீர்கள்? மெஷின் இல்லை. அங்கே "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த அரை மணி நேரம் எனக்கே எனக்கு. ஆனால் போக வர ஒரு மணி ஆகிறது. சின்னவனுக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரமே போச்சு. மூன்று மாதத்தில் நான் போனது இருபத்திரண்டு நாள்.

மறுபடி வீட்டுச் சைக்கிளுக்கே வந்தேன். ஒரு நாள் மிதித்துக் கொண்டிருக்கையில் சின்னவன் தவழ்ந்து வந்து, சுற்றும் சக்கரத்தை நோக்கி விரலை நீட்டினான். உயிரே போய்விட்டது. காலை எடுத்தாலும் கனமான சக்கரம் உடனே நிற்காது; கைப்பிடியின் கீழே உள்ள குமிழை அழுத்தினால்தான் நிற்கும். அழுத்தினேன், பிழைத்தோம். கைக்குழந்தை உள்ள வீட்டில் சக்கரத்துக்கு முழு மூடி உள்ள சைக்கிளாகப் பார்த்து வாங்குங்கள். அப்படியும் குழந்தை அந்த அறையில் இருக்கக் கூடாது. பிரசவமான புதிதில், அதுவும் தையலோ ஆபரேஷனோ ஆகியிருந்தால், டாக்டரைக் கேட்காமல் சீட்டில் உட்காரவே வேண்டாம்.

இப்போது சைக்கிள் பால்கனியில் இல்லை. படுக்கையறையில், ஃபேனுக்கு நேர் கீழே. தெருவில் ஓட்டினால் காற்று வியர்வையை உலர்த்தும். நின்ற இடத்தில் மிதித்தால் அந்தக் காற்று ஏது? பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். ஐந்தரைக்குக் கதவைத் தாழிட்டு விடுகிறேன். முதல் இரண்டு நாள் அத்தை முணுமுணுத்தார். "காலங்கார்த்தால கதவைச் சாத்திக்கிட்டு என்னடி?" ரிப்போர்ட்டைக் காட்டினேன். மறுநாளிலிருந்து பால் காய்ச்சுவதும் சின்னவனைப் பார்த்துக் கொள்வதும் அவர் பொறுப்பு. சாக்ஸ் தேடுவது இவர் பொறுப்பு. இன்னும் சரியாகத் தேடத் தெரியவில்லை!

நாலு மாதமாகிறது. போன வாரம் வெறும் வயிற்றில் 101. "இன்னும் கொஞ்சம்" என்றார் டாக்டரம்மா. ஈரத் துணிக்கு என்ன செய்கிறோம் என்கிறீர்களா? பால்கனியில் இன்னொரு கொடி கட்டியாகிவிட்டது. நாற்பது ரூபாய்.