காசு குறைந்தால் குடி குறையுமா?

'கையில் காசில்லாவிட்டால் மனுசன் தானாகக் குடியை விட்டுவிடும்' என்று நம்பும் தாய்மார் எம்மிடையே பலர். பழகிப்போன உடம்பு வறுமைக்குப் பணிவதில்லை.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்தக் காலபோகத்தில் கட்டுக்கரைக்குளத்து வயல்களும் உரத்துக்குத் தவித்தன. 2022இல் அரிசியும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்கு ஏறின. சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் பிறர் வயலில் கூலி செய்வோருக்கு அடி இரட்டிப்பு. 2023 ஜனவரியில் மதுவரியும் 20 வீதம் கூடியது. சாராயம் வாங்க வழியில்லாதவனுக்குக் கசிப்பு கிடைக்கிறது, அதுவும் கடனுக்கு. அதில் மதுசாரம் எவ்வளவென்று காய்ச்சுகிறவனுக்கே தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் காசில்லாமல் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம்; இல்லாத உருவங்கள் தெரியலாம். உயிரும் போகலாம். 'பேய் பிடித்துவிட்டது, சுவாமி வந்து மந்திரியுங்கள்' என்று அழைக்கிறார்கள். செபிக்க நாம் பிறகு வருவோம். முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். கடைசியாக எப்போது, எவ்வளவு, என்ன குடித்தார் என்பதை வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். கசிப்பு என்றால் கசிப்பு என்றே சொல்லுங்கள்.