4 மைக்ரான் சீவலும் 16 குப்பியும்

மார்பகப் புற்றுநோய் பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஹெர்-2' என்று ஒரு வரி இருக்கும். எதிரே 0, 1+, 2+, 3+ என்ற நான்கில் ஒன்று. ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் செலவு அந்த எண்ணில்தான் தொங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஹெர்-2 செல் சவ்வில் இருக்கும் புரதம். 'வளர்' என்ற சேதியை வாங்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை. சாதாரண மார்பகச் செல்லில் சுமார் 20,000 இருக்கும். 17ஆம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு பெருகிவிட்டால் 20 லட்சம் வரை போகும். 100 மார்பகப் புற்றுநோயில் 15 முதல் 20 இந்த ரகம். 1987இல் ஆய்வாளர் டென்னிஸ் ஸ்லாமன் குழு 189 கட்டிகளை ஆராய்ந்து, மரபணு பெருகியவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புவதைக் காட்டியது. 1998இல் அதே புரதத்தைக் குறிவைத்து டிராஸ்டுசுமாப் என்ற மருந்து வந்தது.

பயாப்சித் துணுக்கு 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72ஐத் தாண்டாமல் அதில் கிடக்க வேண்டும். பிறகு மெழுகில் பதித்து 4 மைக்ரான் கனத்தில் சீவிச் சாயம் ஏற்றுவார்கள். 10 சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுநோய்ச் செல்களைச் சுற்றி அடர்பழுப்பு வளையம் முழுசாக விழுந்து, கோழிக்கூண்டு வலை மாதிரித் தெரிந்தால் 3+. (2007 விதியில் இது 30 சதவீதம்.) 2+ என்றால் இரண்டும் கெட்டான், ஃபிஷ் சோதனையில் மரபணுவையே எண்ண வேண்டும். 20 செல்லில் ஹெர்-2 புள்ளிகள் 90, 17ஆம் குரோமோசோம் புள்ளிகள் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 2.25, செல்லுக்குச் சராசரி 4.5. விகிதம் 2, சராசரி 4 என்ற இரண்டு வரம்பையும் தொட்டுவிட்டதால் பாசிட்டிவ்.

இனி, பாசிட்டிவ் ஆனவர்களுக்குத் தரும் டிராஸ்டுசுமாப் கணக்கு. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முதல் டோஸ் கிலோவுக்கு 8 மில்லிகிராம்: 480. பிறகு 3 வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 6 வீதம் 360, 17 தடவை. மொத்தம் 6,600 மில்லிகிராம். குப்பி ஒன்றில் 440. வகுத்தால் மிச்சமில்லாமல் 15.

காகிதத்தில் 15, ஃபிரிட்ஜ் வேறு கணக்குச் சொல்லும். கரைத்த குப்பி 28 நாள்தான் தாங்கும். மிச்சம் அடுத்த டோஸுக்கு உதவும், அதற்கடுத்ததற்கு உதவாது. டோஸ் டோஸாக எழுதிப் பார்த்தேன்: 16. முதல் டோஸில் மிஞ்சும் 400 மில்லிகிராமையும், பிறகு ஒவ்வொரு முறையும் மிச்சம் 80 மில்லிகிராமை, அதாவது அடியில் நிற்கும் நாலு மில்லிலிட்டருக்கும் குறைவான மருந்தையும் கொட்டினால் 19. பயோகான் நிறுவனம் 2014இல் இந்த மருந்தின் முதல் பயோசிமிலரை (ஒத்த மாற்று மருந்தை) இறக்கியபோது குப்பி விலை 57,500 ரூபாய். அந்த விலையில் 16 குப்பி 9,20,000. 19 என்றால் 10,92,500. வித்தியாசம் 1,72,500 ரூபாய் சாக்கடைக்குப் போனது.

ஒரு வருடம் கட்டாயமா? பிரிட்டனின் பெர்செஃபோனி ஆய்வு 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் இதைச் சோதித்து 2019இல் வெளியானது. 4 ஆண்டு கழித்து நோயின்றி இருந்தவர்கள்: 12 மாத மருந்தில் 89.8 சதவீதம், 6 மாதத்தில் 89.4. ஆறு மாதத்துக்கு 9 டோஸ், 8 குப்பி, அதே 2014 விலையில் 4,60,000 ரூபாய். வழக்கம் இன்னும் 12 மாதம்தான். கையில் காசில்லாத நோயாளியிடம் 6 மாத முடிவையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்பது என் கட்சி.

0, 1+ இரண்டும் நெடுங்காலம் ஒரே 'நெகட்டிவ்' பெட்டியில் கிடந்தன. 2022இல் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்ற மருந்து, உடலின் வேறு பாகங்களுக்குப் பரவிய 1+ நோயிலும் பலன் காட்டியது. அதன் பிறகு, அலமாரியில் கிடந்த பழைய ஸ்லைடுகளை எடுத்து, அது 0தானா, 1+ ஆ என்று மறுபடி பார்க்கிறார்கள்.