பேய் வேடமும் மாவளிப் பொறியும்

அக்டோபர் 31 அன்று பிள்ளைகளுக்குப் பேய் வேடம் போட்டு ‘ஹாலோவீன் பார்ட்டி’ நடத்தும் வழக்கம் சென்னை, கோவை அடுக்ககங்களிலும் தனியார் பள்ளிகளிலும் சில ஆண்டுகளாகவே இருக்கிறது. கறுப்பு அங்கியும் பிளாஸ்டிக் மண்டையோடும் இணையக் கடையில் கிடைக்கின்றன. அவை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வருவதைத் தடுக்க எந்தச் சுங்கச்சாவடியாலும் முடியாது. வந்ததும் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நம் ஊர்ப் பிள்ளைக்கு வெள்ளைக்காரன் பேய் எதற்கு என்கிறது ஒரு தரப்பு. பிள்ளைகள் ஒரு நாள் சிரித்து ஆடிவிட்டுப் போகட்டுமே என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் வேடத்தையும் அலங்காரத்தையும் பற்றியே பேசுகின்றன. ஹாலோவீனில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இருட்டும் மாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் திகில் ஊட்டும் ஆட்டங்களைப் பெரியவர்கள் தாங்களே முன்னின்று நடத்துகிறார்கள். அந்த ஏற்பாடு விழுப்புரம் மண்ணுக்குப் புதிதல்ல. இங்கே ஆட்டங்கள் அநேகமாக அப்படியே இருக்கின்றன, பெரியவர்கள்தான் விலகிப்போய்விட்டார்கள்.

ஹாலோவீன் ஆட்டங்கள் பிள்ளைகளுக்காகப் பிறந்தவை அல்ல. நவம்பர் 1 கிறித்தவ மரபில் புனிதர் அனைவரின் பெருவிழா. அதற்கு முந்திய இரவுதான் ஹாலோவீன். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது கல்யாண வயதில் இருந்தவர்கள் குறி பார்த்த இரவு. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய நெடுங்கவிதையில் அந்தச் சடங்குகள் வரிசையாக வருகின்றன. ஜோடியின் பெயரைச் சொல்லி இரண்டு கொட்டைகளை நெருப்பிலிடுவார்கள். சேர்ந்து எரிந்தால் நல்ல இல்லறம், ஒன்று வெடித்து விலகினால் பிரிவு. கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் கீரைத்தண்டு ஒன்றைப் பிடுங்குவார்கள். அது நேரா கோணலா என்பதே வரப்போகும் துணையின் உருவம். தொட்டித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளைக் கை படாமல் வாயால் கவ்வும் ஆட்டமும் அந்த இரவுக்குரியது. இன்னொன்றில், தொங்கும் குச்சியின் ஒரு முனையில் ஆப்பிளும் மறுமுனையில் எரியும் மெழுகுவத்தியும் இருக்கும். சுழலும் குச்சியில் ஆப்பிளைக் கவ்வத் தெரியாதவனுக்கு மீசை கருகும். அயர்லாந்து ஓவியர் டேனியல் மக்லீஸ் 1833இல் இந்த ஆப்பிள் இரவைப் பெரிய ஓவியமாகவே வரைந்தார். மெழுகுவத்தியை எடுத்துவிட்டு ஆப்பிளுக்குப் பதில் பன்னைக் கட்டினால், பொங்கலுக்கு நம் தெருக்களில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிள்ளைகள் எம்பி எம்பிக் கடிக்கும் அதே போட்டிதான். எது எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதில் பயனில்லை. கயிறும் தின்பண்டமும் இருக்கிற இடத்தில் இந்த ஆட்டம் தானே முளைக்கும்.

குறி பார்த்த இரவு குழந்தைகள் விழாவாக மாறியது அமெரிக்காவில், அதுவும் வேறு வழியில்லாமல். அங்கே குடியேறியவர்களோடு போன ஹாலோவீன், விடலைகளின் சேட்டை இரவாகிவிட்டது. வேலியைப் பிடுங்குவது, வண்டியைக் கழற்றிக் கூரைமேல் ஏற்றுவது, விளக்குகளை உடைப்பது என்று ஊர்கள் சலித்துப்போயின. மினசோட்டா மாநிலத்தின் அனோகா ஊர்க்காரர்கள் 1920இல் ஊர்வலமும் விருந்தும் வைத்து இளைஞர்களின் கவனத்தைத் திருப்பினார்கள். 1938இல் அயோவா மாநிலத்தின் டெமாயின் நகரம் இன்னொரு வழி கண்டது. முந்தைய நாளான அக்டோபர் 30ஐப் பிள்ளைகளுக்கென ஒதுக்கி, வீடு வீடாகப் போய் ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொன்னால்தான் மிட்டாய் என்று வழக்கம் ஏற்படுத்தினார்கள். இன்றைக்கு ‘மரபு’ என்று விற்கப்படுகிற பலவும் இப்படிப் பெரியவர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டு உண்டாக்கியவைதான். முகமூடி விற்கும் கம்பெனிகள் அதன்பிறகு நன்றாகச் சம்பாதித்தன என்பது தனிக் கதை. விழா நிலைத்தது அந்த முகமூடியால் அல்ல; தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கதவைத் திறந்து நின்றதால்.

இப்போது செஞ்சிப் பக்கம் வருவோம். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988இல் வெளியிட்ட நூலின் முதல் தொகுதிக்கு ‘செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை’ என்ற பொருளில் தலைப்பிட்டார். அந்த அளவுக்கு இந்த வட்டாரம் பாரதக் கூத்தின் நடுமையம். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் முறுக்கிய மீசையும் சிவப்புப் பூச்சும் கிரீடமுமாகத் துரியோதனன் வந்தால் முன்வரிசைப் பிள்ளை அம்மா மடிக்குள் ஒளியும். அடுத்த நிமிடமே கட்டியங்காரன் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். படுகள நாளில் களிமண்ணால் செய்து தரையில் கிடத்திய துரியோதனன் உருவம் பல ஆள் நீளம் இருக்கும். பீமன் தொடையைப் பிளப்பதையும் திரௌபதி கூந்தல் முடிவதையும் ஊரே கூடி நின்று பார்க்கும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. காளி வேடமிட்டவர்கள் ஆடி வர, கொழுக்கட்டையும் சுண்டலும் தானியமும் காய்கறியும் காசும் சூறை விடப்படும். கூட்டம் பாய்ந்து பொறுக்கும். சுடுகாட்டிலேயே தின்பண்டம் பொறுக்கி வளரும் பிள்ளைக்கு பிளாஸ்டிக் எலும்புக்கூடு என்ன பயம் காட்டிவிடப் போகிறது?

ஆனால் பிள்ளைகள் கையிலேயே கொடுக்கப்பட்ட இருட்டு விளையாட்டு என்று ஒன்றைச் சொல்வதானால் அது கார்த்திகை மாவளி. கார்த்திகைப் பொறி என்றும் சொல்வார்கள். ஆண் பனையின் காய்ந்த பூக்காம்புகளைச் சேர்த்துக் குழியில் போட்டுக் கொளுத்தி, முழுக்கச் சாம்பலாகிவிடாமல் மண்ணைத் தள்ளி மூடிக் கரியாக்குவார்கள். ஆறிய கரியை நைஸாக இடித்து, பழைய பருத்தித் துணியில் கொட்டி நீளமாகச் சுருட்டி இறுகக் கட்டுவார்கள். அந்தச் சுருளைப் பனை மட்டைப் பிளாச்சுகளுக்கு நடுவே செருகி, மேலே கயிறு கட்டி, துணி முனையில் ஒரு கங்கை வைத்துவிட்டுத் தலைக்கு மேலே வீசிச் சுழற்றினால் ஆளைச் சுற்றிப் பொன்னிறத்தில் பொறிவட்டம் விரியும். ‘மாவளியோ மாவளி’ என்ற கூச்சல் தெருவுக்குத் தெரு கேட்கும். வேதிமருந்து இல்லை, வெடிச்சத்தம் இல்லை, காசும் இல்லை. கரித்தூள் காற்றுப் பட்டு எரிவதுதான் மொத்த நுட்பமும்; வேகமாகச் சுற்றினால் காற்று கூடி, பொறியும் கூடும். இதற்கு வேண்டிய பொருள் விழுப்புரத்தில் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. பனமலை, பனையபுரம் இரண்டும் இந்த மாவட்டம்தான். தேவாரம் பாடிய புறவார் பனங்காட்டூர் என்பது பனையபுரமே, அங்கே கோயில் மரமும் பனை.

பிள்ளைகளைப் பயமுறுத்துவது தவறில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதுதான். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பேய்வீட்டுக் கேளிக்கைக்கு வந்த 110 பேரின் இதயத்துடிப்பையும் அனுபவத்தையும் பதிவுசெய்து 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைவாக இருந்தபோதும் மிக அதிகமாக இருந்தபோதும் மகிழ்ச்சி குறைந்தது. நடுவில் ஓர் அளவில்தான் அது உச்சத்துக்குப் போனது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு அது என்பதால் மழலைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும், திடீரென்று முகமூடி மாட்டிக்கொண்டு நான்கு வயதுப் பிள்ளையின் முன் குதிக்கிற மாமா அந்த அளவைத் தாண்டிவிடுகிறார் என்பதை அறிய ஆய்வு தேவையில்லை. கூத்தில் அந்த அளவைக் காப்பது அம்மா மடியும் கட்டியங்காரனும். மாவளியில், கயிற்றின் நீளத்தைப் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றபடி கட்டித் தரும் தாத்தா. நெருப்பு ஆபத்து என்பதும் உண்மையே. நைலான் உடையும் கூரை வீடும் வைக்கோல் போரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பருத்தி உடுத்தி, வெறும் திடலில், ஒருவர் சுற்றும்போது மற்றவர் தள்ளி நிற்க, வாளியில் தண்ணீரோடு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். கயிற்று முடிச்சை அவரே இழுத்துப் பார்க்க வேண்டும். இப்படி நிற்க ஆளில்லாத தெருவில் மாவளி வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

இவற்றைவிடக் கனமான ஒரு மறுப்பு இருக்கிறது. கூத்தும் மயானக் கொள்ளையும் வழிபாடு, அவற்றைப் பார்ட்டி ஆட்டமாக்க முடியாது. தவிர, அவை எல்லோருக்கும் ஒரேபோலத் திறந்தவையும் அல்ல. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் வருவதை எதிர்த்து எழுந்த தகராறில், 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலையே பூட்டி முத்திரை வைத்தார்கள். எந்த ஊரில் பாரதம் கேட்டு ஒரே பயத்தைப் பயந்தார்களோ, அதே ஊரில் வாசல் ஒன்றாக இருக்கவில்லை. பள்ளித் திடலில் நடக்கும் ஹாலோவீன் விழாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று அதன் ஆதரவாளர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கட்டணம் கட்டிய பிள்ளைகளுக்கு மட்டுமான திடல் அது என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். ஆகவே கோயிலுக்குரியதைக் கோயிலிலேயே விட்டுவிடலாம். மாவளிக்கும் தொங்கும் பன்னுக்கும் சன்னிதி தேவையில்லை. அரசுப் பள்ளி மைதானமோ ஏரிக்கரையோ போதும். அங்கே யாருடைய பிள்ளையும் வரலாம் என்று முதலிலேயே ஊர் அறியச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பழைய கோடுகள் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடும்.

அக்டோபர் 31ஐ ஒதுக்கிவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. அது ஐப்பசி நடு. வடகிழக்குப் பருவமழைக் காலம். திடலில் எதையும் திட்டமிட முடியாத அந்த மாலை வீட்டுக்குள் ஆடத் தோதானது. மேலைநாட்டுப் பார்ட்டிகளில் மூடிய பெட்டிக்குள் கை விட்டு ‘இது பேயின் கண், இது குடல்’ என்று தொட்டுக் கண்டுபிடிக்கும் ஆட்டம் உண்டு. நமக்கு உரித்த திராட்சையும் ஆறிய இடியாப்பமும் ஊறிய ஜவ்வரிசியும் இருக்கின்றன. விளக்கை அணைத்துச் சுவரில் கைநிழல் காட்டலாம். பாட்டி கதை சொல்லும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சத்தத்துக்குப் பொறுப்பேற்கலாம்: ஆந்தை, கதவு, கொலுசு. அதே மாலையில் பழைய வேட்டியைக் கிழித்து மாவளிக்குத் துணிப்பை தைக்கும் வேலையையும் வைத்துக்கொள்ளலாம். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும். பூக்காம்பு காய்ந்திருக்க வேண்டும், மழை விட்ட நாளில் குழி போட வேண்டும், கரி நமத்துப்போகாமல் டப்பாவில் மூடி வைக்க வேண்டும். இந்தப் பக்குவமெல்லாம் விக்கிரவாண்டிப் பக்கத்துப் பனையேறிகளுக்கு அத்துபடி. அவர்களில் ஒருவரைக் கூலி கொடுத்துப் பள்ளிக்கு அழைத்துவந்து, கரி சுடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்வது, ஒரு பிளாஸ்டிக் அலங்காரப் பொட்டலம் வாங்குவதைவிட அப்படியொன்றும் செலவு பிடிக்காது.