பாதயாத்திரையில் பையை யாரிடம் விடுவது?

வேளாங்கண்ணிப் பெருவிழாவுக்கு ஆகஸ்ட் 29-இல் கொடி ஏறும். செப்டம்பர் 8 வரை விழா. அதையொட்டிச் சென்னை, புதுச்சேரிப் பக்கமிருந்து காவி உடுத்திக் கிளம்புகிறவர்கள் கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நடக்கிறார்கள். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். கடலூரை எட்டுவதற்குள் தோளில் தொங்கும் பை பெரும்பாரமாகிவிடும். இங்கேயே வைத்துவிட்டுத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாமா என்ற யோசனை எழும்.

முதலில் திரும்பும் வழியைப் பாருங்கள். ஊர் திரும்பும் பஸ்ஸோ ரயிலோ நள்ளிரவில் கடலூரைக் கடந்தால் பைக்காக இறங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால், வேண்டாத துணிமணியை அஞ்சலகத்தில் பார்சலாக வீட்டுக்கு அனுப்புவதே நல்லது. ரசீதும் கையில் இருக்கும்.

எங்கே வைத்தாலும் பணம், செல்போன், ஆதார், அன்றாட மாத்திரை, மருத்துவர் சீட்டு ஆகியவை உங்கள் உடம்போடு இருக்கட்டும். குழுவின் டெம்போவில் பையை ஏற்றினாலும் இதே விதிதான். வண்டி முன்னே போய்விட, சர்க்கரை மாத்திரை அதில் மாட்டிக்கொண்டால் ஆபத்து உங்களுக்குத்தான்.

யார் பொறுப்பு?

ரயில் நிலையப் பொருள் வைப்பறை பயணச்சீட்டு உள்ளவர்களுக்கானது. பை பூட்டியிருக்க வேண்டும். நடந்தே வருகிறவர் அதை நம்பித் திட்டம் போட முடியாது. பிளாட்பாரத்தில் யாரோ ஒருவரிடம் "பார்த்துக்கோங்க" என்று விட்டுப்போனதற்கு ரயில்வே பொறுப்பேற்காது.

லாட்ஜ், கடை, மண்டபம் என்று எங்கே ஒப்படைத்தாலும் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பொருந்தும். அதன் 151-ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கி வைப்பவர், விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போலக் காக்க வேண்டும். காசு வாங்காமல் வைத்துக்கொண்டாலும் இந்தக் கடமை உண்டு. உரிய கவனம் எடுத்தும் பொருள் போயிருந்தால், தனி உடன்பாடு இல்லாதவரை, அவர்மீது பொறுப்பு விழாது.

"பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். டெல்லியில் 1998-இல் ஹோட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அப்படி எழுதிவைத்து ஹோட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது; கவனமாக இருந்தோம் என்று காட்டும் சுமையும் ஹோட்டலையே சேரும். ஆனால் பொருளை ஒப்படைத்தீர்கள் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். அதனால்தான் ரசீது. பையின் அடையாளம், தேதி, வாங்கியவர் பெயர், கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பதை அவர் முன்னிலையிலேயே படமெடுங்கள். ரசீது தர மறுப்பவரிடம் பையைக் கொடுக்காதீர்கள்.

தொலைந்துவிட்டால்

கடலூரில் விட்ட பை காணவில்லை என்று சிதம்பரத்தில் தெரிந்தாலும் அங்குள்ள காவல் நிலையத்திலேயே புகார் தரலாம். திருட்டு போன்ற குற்றமாக இருந்தால் "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பையில் செல்போனும் போயிருந்தால் சிம்மை நிறுத்துங்கள். புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் கருவியையும் முடக்கலாம்.

கட்டணம் கொடுத்து வைத்த பை என்றால் நுகர்வோர் வழக்குக்கும் இடமுண்டு. முதலில் எழுத்தில் இழப்பீடு கேளுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கிடைக்கும். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடலூரில் தொலைத்த சென்னைக்காரர் சென்னையிலேயே வழக்குப் போடலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.