ரங்கூன் பாட்டியும் ஒரு தட்டு அத்தோவும்

எனக்கு வயது 38. பத்தாவது பாஸ். ராஜபாளையத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்குமே சரியாய்ப் போய்விடும். மூத்தவளைக் காலேஜில் சேர்க்கிற நேரம் வந்ததும் வேலை தேடிக் கிளம்பினேன். ஒரு மில்லில், "சின்னப் பொண்ணுங்கதாம்மா வேணும்" என்றார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா ஆச்சே, பேக்கிங்குக்கு ஆள் எடுப்பாங்க என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அலைந்தேன். பஸ் காசுதான் செலவு.

வாடிப்போய்த் திரும்பிய என்னை எதிர்வீட்டுப் பாட்டி கூப்பிட்டு ஒரு தட்டை நீட்டினார். ரங்கூனில் பிறந்தவர். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டதும், பெற்றோருடன் கப்பலேறி வந்தவர்.

தட்டில் இருந்தது அத்தோ! வேகவைத்து ஆறவைத்த நூடுல்ஸில் மெலிசாய் நறுக்கிய கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, வறுத்த கடலைமாவு, மிளகாய்த்தூள், பூண்டு வறுத்த எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைய வேண்டும். மேலே பொரித்த வெங்காயம். கூடவே வாழைத்தண்டு சூப். நூடுல்ஸ் என்றாலே முகம் சுளிக்கும் என் மாமியார் இரண்டாம் தட்டு கேட்டாரே, பார்க்கணும்!

"நீயே வித்துப் பாரேன்" என்றார் பாட்டி. இப்போது சாயங்காலம் வாசலில் மேஜை போட்டு விற்கிறேன். முதலில் டியூஷன் பிள்ளைகள்தான் வந்தார்கள். பிறகு அவர்கள் அம்மாமார்களும். பாட்டி பங்கு வாங்க மாட்டேன்கிறார். புளித்தண்ணி பதம் பார்க்க மட்டும் தினம் வந்துவிடுவார்! காலேஜில் முதல் தவணை கட்டியாச்சு. அடுத்ததுக்குச் சேர்க்கிறேன்.

செய்து பார்க்கும் தோழிகளே, பிசைந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். வைத்திருந்தால் கோஸ் தண்ணீர் விட்டுவிடும்.

- ஒரு வாசகி, ராஜபாளையம்.