காட்டு ராஜாவின் காலிப் பீப்பாய்கள்

கதைகளில் வரும் வனவாசிகளுக்குப் பசியே எடுப்பதில்லை. நிலா வெளிச்சத்தில் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். வில்லை வளைத்தால் குறி தப்புவதில்லை. எல்லாம் சரி, பொழுது விடிந்தால் அடுப்பில் ஏற்ற அவர்களிடம் என்ன இருக்கிறது?

மேல்நாட்டு மாயக் கதைகளில் 'எல்ப்' என்றோர் இனத்தார் வருவார்கள். நெடிய உருவம், மூப்பறியாத வாழ்வு, குடியிருப்பு அடர்ந்த கானகம். இவர்களுக்கு இன்றைய புகழைத் தேடித் தந்தவர் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டோல்கீன்.

காடு பச்சைப்பசேல் என்றிருக்கிறதே, அங்கே சாப்பாட்டுக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். உண்மை வேறு. அடர்ந்த நிழலில் தானியம் விளையாது. காடு விளைவிப்பதில் பெரும்பகுதி கட்டையும் இலையுமாகப் போய்விடுகிறது. மிஞ்சுவது மான், தேன், காளான், பழம், கொட்டை.

கொட்டை என்று அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. கலிபோர்னியாவின் பூர்வகுடி மக்கள் பலருக்கு ஓக் மரக் கொட்டையே முக்கிய உணவாக இருந்தது. அப்படியே தின்றால் ஒரே துவர்ப்பு! இடித்து மாவாக்கி, திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டுத் துவர்ப்பைப் போக்கி, அதன் பிறகு கூழாகக் காய்ச்சினார்கள். ஆனால் ஓக் மரம் ஆண்டுதோறும் ஒரே சீராகக் காய்ப்பதில்லை. பொய்த்த ஆண்டில் என்ன செய்வது?

டோல்கீனின் எல்ப் ராஜாவுக்கு அந்தக் கவலை இல்லை. 1937-ல் வெளிவந்த 'ஹாபிட்' நாவலைப் பாருங்கள். அரண்மனையின் அடியில் ஓர் ஆறு ஓடுகிறது. ஏரி நகரத்து மனிதர்களிடமிருந்து மது, வெண்ணெய், ஆப்பிள் எல்லாம் பீப்பாய்களில் வந்து சேருகின்றன. காலிப் பீப்பாய்களை நிலவறையிலிருந்து ஆற்றில் தள்ளிவிடுவார்கள். வந்த ஊருக்கே அவை மிதந்து போகும். சிறைப்பட்ட குள்ளர்கள் பதின்மூவரும் தப்பியது அந்தப் பீப்பாய்களில்தான்! அரண்மனைக் காவலன் குடித்துவிட்டுக் குறட்டை விட்டதும் அவர்களுக்கு வசதியாயிற்று.

இந்த எல்புகள் உழுவதில் அக்கறை இல்லாதவர்கள், வியாபாரத்திலும் நாட்டமில்லாதவர்கள் என்று ஆசிரியரே சொல்கிறார். அப்படியானால் வெண்ணெய்க்கு விலையாக எதைக் கொடுத்தார்கள்? கதையில் விடை இல்லை. மான்தோலும் தேனும் மெழுகும் கொடுத்திருப்பார்கள் என்பது நம் ஊகம். காட்டில் வேறு சரக்கு ஏது?

உடை விஷயம் இன்னும் சிக்கலானது. தோலை உடுத்தலாம், மழையில் நனைந்தால் கனக்கும். பருத்திக்கு வெயில் வேண்டும். ஆனால் ஐரோப்பியக் காட்டோரங்களில் நம் காஞ்சொறியைப் போல, பட்டால் எரியும் ஒரு செடி உண்டு. அதன் தண்டை ஊறவைத்து, அடித்து, நார் எடுத்து நூற்கலாம். ஆண்டர்சனின் கதையில் எலிசா தன் பதினோரு அண்ணன்மாருக்கும் சட்டை பின்னியது இந்த நாரில்தான். இதைக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். முதல் உலக யுத்தத்தில் பருத்தி கிடைக்காமல் தவித்த ஜெர்மனியும் இந்த நாரைத் துணியாக்கியது.

1954-ல் வெளிவரத் தொடங்கிய 'மோதிரங்களின் தலைவன்' கதையில், வனராணி கலாட்ரியல் தோழியரோடு நெய்த மேலங்கிகள் வருகின்றன. அதில் ஒரு நாள் முழுதும் நடக்கத் தெம்பு தரும் 'லெம்பாஸ்' அப்பமும் உண்டு. அந்த அப்பத்துக்குத் தானியம் எங்கிருந்து வந்தது? ஆசிரியர் மறைந்த பிறகு, 1996-ல் அச்சான ஒரு குறிப்பில் விடை இருக்கிறது. மற்றச் செடிகளின் நிழல் அந்தப் பயிருக்கு ஆகாதாம். ஆகவே காட்டின் நடுவே வெயில் விழும் வெளிகளில் காவலோடு வளர்த்தார்கள். கதிரில் இரும்பு படக் கூடாது. கையால்தான் கொய்ய வேண்டும். தாளையும் வீணாக்கவில்லை. தானியம் சேர்த்து வைக்கும் கூடைகளை அதிலேயே பின்னிக்கொண்டார்கள்.