ஏமாற்ற முனை

இடப்பெயர்களுட் சில கேட்ட மாத்திரத்தே நகைப்பை விளைப்பன. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்திலே, கொலம்பியா ஆற்றின் முகத்துக்கு வடபால் நிற்கும் பாறை முனைக்கு ‘ஏமாற்ற முனை’ என்பது பெயர். எரிமலைக் குழம்பு இறுகியமைந்த அக்கரும்பாறையிற் பசிபிக் சமுத்திரத்தின் பேரலைகள் ஓயாது மோதுகின்றன. அங்கே ஏமாந்தவர் யாவர்?

1775இல் ஸ்பானியராகிய புறூனோ தெ எசெத்தா, நீரோட்டத்தின் வேகங்கண்டு, இவ்விடத்தே பேராறொன்று கடலோடு கலக்கின்றதென உய்த்துணர்ந்தார். மாலுமிகள் நோயால் நலிந்தமையின் உட்புகுந்தாரல்லர். அவ்வாற்றைத் தேடி 1788இல் வந்தவர் ஆங்கிலேயராகிய ஜோன் மீயர்ஸ். ஆற்றுமுகத்துக்குக் குறுக்கே மணற்றிட்டுக்கள் கிடக்கின்றன. அவற்றின்மீது அலைகள் உடையுங்கால், கடலில் நின்று நோக்குவார்க்கு வெண்ணுரை வரிசையொன்றே தோன்றும், வாயில் தோன்றாது. ஆறே இல்லையெனத் துணிந்த மீயர்ஸ் முனைக்கு இப்பெயரை இட்டு மீண்டார். அக்கரையில் வழிவழியாக மீன்பிடித்து வாழ்ந்த சினூக் மக்களோ ஆற்றை நன்கறிவர்!

நான்கு ஆண்டுகளின் பின், 1792 மே 11ஆம் நாள், அமெரிக்கராகிய றொபேட் கிறே மணற்றிட்டைக் கடந்து உட்சென்று, தம் கப்பலின் பெயரையே ஆற்றுக்குச் சூட்டினார். ஒறிகன் நாட்டுக்கு அமெரிக்கர் உரிமை கோரியபோது காட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. 1846ஆம் ஆண்டு உடன்படிக்கையால், மீயர்ஸ் இல்லையென்ற ஆற்றின் முகம் இருகரையோடும் அவர்கட்காயிற்று.

பெயர் மட்டும் மாறவில்லை. முனைமீது 1856இல் வெளிச்சவீடு ஒளிவிடத் தொடங்கிற்று. அதனைக் கட்டுதற்குரிய பொருள்களைக் கொணர்ந்த கப்பல் 1853இல் அம்முனையருகே உடைந்து மூழ்கியது.